மாத்துக்கால் வாத்தியார்

தப்பு மேளம் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

எதிரே பத்தடி தள்ளி வீராசாமி மாமா கம்போடு நிற்கிறார். சுற்றிலும் தேயிலைத் தோட்டத்துச் சனம் முழுவதும் நிற்கிறது. மாரியம்மன் கோயில் பக்கமாகப் போட்ட நாற்காலியில் கணக்கப்பிள்ளை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இன்னும் சற்று நேரத்தில் நான் மாமாவைக் குறிவைத்து நாலு பக்கமும் கம்பு வீச வேண்டும். அவர் தடுக்க வேண்டும்.

மாமாவுக்கு இடது கண் தெரியாது. அது அவருக்கும், அத்தைக்கும், எனக்கும் மட்டுமே தெரியும். இடப்பக்கத்து வீச்சுக்கு முன்னால் நான் தரையை ஓங்கி மிதிப்பேன், அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் கம்பைத் தூக்கிக்கொள்வார் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்துப் பழகியிருந்தோம். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

இப்போது நாலு தப்பு ஒரே நேரத்தில் முழங்குகிறது. தரையை மிதித்துப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை.

கூட்டத்தில் எந்தப் பக்கம் இடைவெளி இருக்கிறது, ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

போன வாரம் இந்தத் தொடரில், நானும் கொஞ்ச காலம் சிலம்பம் சொல்லிக் கொடுத்தவன் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். உடனே ஒரு வாசகர், நீங்கள் பெரிய தைரியசாலியாக இருந்திருப்பீர்கள் என்று கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். ஆனால் கதை வேறு.

நாய்க்குப் பயந்தவன்

நான் கம்பைக் கையில் எடுத்ததே பயத்தால்தான்.

எங்கள் தோட்டம் கொஸ்லந்தைக்கு மேலே, காற்றுக் காலத்தில் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தின் கூரைத் தகரம் பறக்கிற உயரத்தில் இருந்தது. எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை அரைக்கிற ஃபாக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். லயத்திலிருந்து அங்கே போகிற குறுக்குப் பாதை துரை பங்களா வேலியை ஒட்டிப் போகும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நாய். செம்பட்டை நிறம், கன்றுக்குட்டி உயரம். மற்றவர்களைக் கண்டால் குரைக்கும். என்னைக் கண்டால் மட்டும் குரைக்காமல் மெல்ல எழுந்து நிற்கும். குரைத்துத் தொலைத்தாலாவது தேவலை என்றிருக்கும்.

அதற்காக ஒரு கம்பு வெட்டி வைத்துக்கொண்டேன். கங்காணி பார்த்துவிட்டு, துரையின் நாய்க்குக் கம்பு காட்டினால் வேலை போய்விடும் என்றார். நாய்க்கும் பயம், கம்புக்கும் பயம் என்றானது. நான் சுற்றுவழியில் கால் மைல் அதிகம் நடந்து போக ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்தில் பயத்துக்குப் பஞ்சமே இல்லை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது நம் பேரைக் கூப்பிடுவார்களா என்று பயம். இந்த நாட்டுக் குடிகளாக ஏற்கச் சொல்லிப் பிரஜாவுரிமை மனு எழுதிக் கொடுத்துவிட்டு, என்ன பதில் வருமோ என்று எல்லோரும் காத்திருந்த நேரம் வேறு. எங்கள் அப்பா தன் காகிதங்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். மழை பிடித்தால் போதும், பெட்டியைத் திறந்து ஒவ்வொரு காகிதமாகத் தடவிப் பார்ப்பார். ஈரமில்லை என்று தெரிந்த பிறகுதான் படுப்பார். எங்கள் பக்கத்தில் மழை பிடிக்காத நாள் எது? அந்தப் பழைய காகித வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

சுற்றுவழியில் கம்போடு நடந்த என்னைப் பார்த்துத்தான் ஆறுமுகம் அண்ணன் லாரியை நிறுத்தினார். தேயிலைப் பெட்டிகளை அப்புத்தளை ஸ்டேசனுக்கு ஏற்றிப் போகிறவர். என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் களத்தில் சிலம்பம் சொல்லிக் கொடுப்பார். கம்பை இப்படியா பிடிக்கிறது என்று சிரித்தார். அடுத்த ஞாயிறு போனேன். மூன்று வருடம் விடாமல் போனேன்.

பாதிப் பாடத்தில் பதவி

நான் பாதிப் பாடம் முடித்த சமயத்தில் அண்ணனை வேறு தோட்டத்து லாரிக்கு மாற்றிவிட்டார்கள். மாதத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும் என்றார். புதிதாகச் சேர்ந்திருந்த எட்டுப் பேரையும் என் தலையில் கட்டினார்.

சிலம்பக்காரர்கள் வழக்கமே அதுதான். பாதி முடித்தவன், தெரிந்த பாதியைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். திருவிழாவில் அவர்களைக் களத்தில் இறக்க வேண்டும். முதல் ஆட்டத்தில், தன் வாத்தியார் கைகாட்டுகிற ஒருவரோடு தானே நின்று நாலு பக்க வீச்சும் போட வேண்டும். கம்பு நுனியில் ஈரக் கரி தடவியிருக்கும். யார் மேல் பட்டாலும் சட்டையில் தெரிந்துவிடும். ஒழுங்காக முடித்தால், பித்தளைப் பூண் போட்ட கம்பு ஒன்றை வாத்தியார் தன் கையால் கொடுப்பார். அதை வாங்கியவனுக்குத்தான் மிச்சப் பாதிப் பாடம். வாங்காதவன் கடைசிவரை அரைகுறைதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வீசின கம்பைப் பாதியில் பிடித்து நிறுத்துகிற பாடம் அந்த மிச்சப் பாதியில்தான் வரும். எனக்கு வீசத் தெரியும். நிறுத்தத் தெரியாது.

எட்டுப் பேரில் மூத்தவர் வீராசாமி மாமா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கவ்வாத்துக் கத்தி எடுத்தால், அதாவது தேயிலைச் செடியைத் தறிக்கிற வேலையில், அவருக்கு இணையாக அந்த மலையில் ஆள் கிடையாது. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. என்னைத் தூக்கி வளர்த்தவர். அந்த மனிதர் முதல் நாள் எல்லோரையும்போல் மண்ணைத் தொட்டு எனக்குச் சலாம் வைக்கக் குனிந்தார். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் மாமா, கம்பைத் தொட்டால் போதும் என்று கெஞ்சினேன். அவரும் சரி மாப்புள என்று விட்டுவிட்டார்.

அன்று முதல் கூச்சத்தில் நான் எட்டுப் பேர் முகத்தையும் பார்த்ததே இல்லை. எதிரே நிற்பேன், பார்வை மட்டும் என் காலடித் தரையில் இருக்கும். இடது தொடையைத் தட்டி, இந்தக் கால் முன்னால் என்பேன். அவர்களும் வைப்பார்கள். நாலு வாரம் இப்படியே ஓடியது. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் ஆறுமுகம் அண்ணன் வந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

நான் படிக்கும்போது அவருக்குப் பின்னால் நின்று படித்தவன். அவருடைய இடது கால் என் இடது கால். இவர்களோ எனக்கு எதிரே நின்றார்கள். நான் இடது தொடையைத் தட்டினால், அதற்கு நேர் எதிரே இருக்கிற வலது காலை முன்னால் வைத்தார்கள். எட்டுப் பேரும் அச்சுப் பிசகாமல் மாற்றுக் காலில் நின்றார்கள். தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"திருவிழா அன்னைக்கு ஒருத்தன் மாத்துக்கால்ல நின்னாலும் கம்பு ஒனக்கு இல்ல. பாத்துக்க."

புருவத்தில் ஒரு கீறல்

அடுத்த வாரத்திலிருந்து அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று சொல்லிக் கொடுத்தேன். இடது கால் என்று வாய்விட்டும் சொன்னேன். மற்ற ஏழு பேரும் முணுமுணுத்துக்கொண்டே மாறிவிட்டார்கள். அதுவரைக்கும் எல்லோரையும்விட நன்றாக விளையாடிய மாமாதான் தடுமாறினார். எனக்குப் புரியவில்லை.

அவரை எதிரே நிறுத்தி மெதுவாக வீசிப் பார்த்தேன். வலப்பக்கம் தடுத்தார். அவருடைய இடப்பக்கம் வீசினேன். அவர் கம்பு அசையவே இல்லை. என் கம்பின் நுனி அவர் நெற்றியை உரசிக்கொண்டு போய் வலது புருவத்தைக் கிழித்துவிட்டது. இரத்தம் இறங்கியது. கால் வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் அவரே சொல்லிச் சமாளித்தார்.

சாயங்காலம் அவர் காம்பராவுக்குப் போனேன். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அத்தை புருவத்தில் மஞ்சள் அரைத்துப் போட்டிருந்தார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு மாமா சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் கவ்வாத்து மலையில் வெட்டுப்பட்ட மிளாறுக் குச்சி ஒன்று தெறித்து இடது கண்ணில் பட்டதாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே இருட்டு. மலையில் இடப்பக்கம் யார் வருகிறார்கள் என்றே தெரியவில்லை, கம்பு பழகினால் அந்தப் பக்கம் பிடிபடும் என்று நினைத்து வந்தேன் என்றார். மாற்றுக் காலில் நின்றபோது வலது தோள் முன்னால் வந்தது, நல்ல கண் எதிராளியைப் பார்த்தது. நான் திருத்தியதும் குருட்டுப் பக்கம் முன்னால் வந்துவிட்டது.

கண் போன விஷயம் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தால் கத்தியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. பத்துச்சீட்டு என்கிற வேலைநீக்கச் சீட்டைக் கொடுத்து, தோட்டத்தை விட்டே போகச் சொல்லிவிடுவார்கள். காம்பராவும் போய்விடும். மனுவுக்கும் பதில் வரவில்லை. இந்தியாவுக்குப் போ என்றாலும், தன் முன்னோர் ஊர் எதுவென்றுகூட மாமாவுக்குத் தெரியாது.

நீங்கள் திருவிழாவில் இறங்க வேண்டாம் மாமா என்றேன். புருவத்துக் காயத்தைப் பார்த்துவிட்டு, கண் சரியாகத் தெரிகிறதா என்று கணக்கப்பிள்ளை ஏற்கனவே கேட்டாராம். இப்போது விலகினால் சந்தேகம் உறுதியாகிவிடும், இறங்கியே ஆக வேண்டும் என்றார்.

நான் எழுந்தபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கண்ண மலை எடுத்துக்கிச்சு. மத்தத நீ எடுத்துராதப்பா."

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தரையை மிதிக்கிற ஏற்பாட்டை மறுநாள் நான்தான் கண்டுபிடித்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். திருவிழாவில் தப்பு அடிப்பார்கள் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். ஆனாலும் அது நினைப்புக்கு வரவில்லை பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாமாவை மட்டும் பழையபடி மாற்றுக் காலில் நிற்க விடலாமே என்ற யோசனை எனக்கு அப்போதே வந்தது. வாயைத் திறக்கவில்லை. அப்படி நின்றால் அண்ணன் எனக்குக் கம்பு தரமாட்டார். எனக்குக் கம்பு வேண்டியிருந்தது.

களத்தில்

திருவிழா அன்று காலையிலிருந்தே மூடுபனி. களத்தில் ஈரமண் வாடையும் கற்பூர வாடையும் கலந்திருந்தன. ஸ்டோர் அடுப்பிலிருந்து நானே கரி கொண்டுவந்து தண்ணீர் விட்டுக் குழைத்தேன். ஆறுமுகம் அண்ணன் பூண் போட்ட கம்பைச் சிவப்புத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். எட்டுப் பேரையும் ஒரு பார்வை பார்த்தார். மாமாவைக் கைகாட்டி, மூத்தவரோடு நில் என்றார். வேறு யாரையாவது காட்ட வேண்டும் என்று நான் மாரியம்மனுக்குத் தேங்காய் நேர்ந்திருந்தேன். அவளும் கைவிட்டுவிட்டாள்.

தப்பு தொடங்கியது. இந்தக் கதையின் ஆரம்பத்தில் நான் நின்ற இடம் இதுதான்.

தப்பை நிறுத்துங்கள் என்று சொல்ல முடியாது. ஆட்டம் முடியும்வரை நிறுத்துகிற வழக்கமில்லை, ஏன் என்ற கேள்வி வரும். முதல் வீச்சு வலப்பக்கம் மேலே. தடுத்தார். இரண்டாவது வலப்பக்கம் கீழே. அதையும் தடுத்தார். அடுத்தது இடப்பக்கம். மாமா தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் கால் சத்தத்துக்காகக் காத்திருந்தார். அவர் முகத்தில் துளிப் பயமில்லை. நான் மிதிப்பேன் என்று நம்பி நின்றார். கூட்டத்தில் முன்வரிசையில் அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

நான் வீசவில்லை. அப்படியே நின்றேன். தப்புக்காரர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினார்கள். கணக்கப்பிள்ளை காலை இறக்கிவிட்டு முன்னால் சாய்ந்தார். கூட்டத்தில் ஒருவன், வாத்தியாருக்குப் பாடம் மறந்துபோச்சு என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

கம்பைக் கீழே இறக்கினேன். பழைய நாலு வாரமும் செய்ததுபோல, என் இடது தொடையை இரண்டு தட்டுத் தட்டினேன்.

மாமா விழித்தார். பிறகு ஆறுமுகம் அண்ணன் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினார். எனக்கு என்ன போகும் என்று அவருக்கும் தெரியும். நான் மறுபடியும் தட்டினேன். தொடை எரிகிற மாதிரித் தட்டினேன்.

அவர் கால் மாறியது. வலது கால் முன்னால், வலது தோள் முன்னால். நல்ல கண் நேராக என்னைப் பார்த்தது.

வீசினேன். தடுத்தார். மறுபடியும் வீசினேன். தடுத்தார். அதற்கப்புறம் எத்தனை வீசினேன் என்று எனக்கே நினைவில்லை. எல்லாவற்றையும் தடுத்தார். மாற்றுக்கால், மாற்றுக்கால் என்று பின்னாலிருந்து பையன்கள் கத்திச் சிரித்தது மட்டும் காதில் விழுந்தது. முடிந்ததும் மாமாவின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். ஒரு கரிப்புள்ளிகூட இல்லை. என் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, ஒன்று இருந்தது. எப்போது தொட்டார் என்றே எனக்குத் தெரியாது.

கணக்கப்பிள்ளை கைதட்டினார். இந்த வயதில் என்ன கண்ணு இவனுக்கு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அத்தை கூட்டத்தை விட்டு விலகிப் போய்த் தண்ணீர்ப் பீலிக்கரையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழுவினார்.

லாரிப் பக்கம்

ஆறுமுகம் அண்ணன் என்னை லாரிக்குப் பின்னால் கூட்டிப்போனார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சிவப்புத் துணிக் கம்பு அவர் கக்கத்தில் இருந்தது.

"அவருக்கு எந்தக் கண்ணுடா?"

பக்கத்தில் யாருமில்லை. இடது கண் என்று ஒரு வார்த்தை சொன்னால் கம்பு என் கைக்கு வந்திருக்கும், அது அவர் முகத்தில் தெரிந்தது. அண்ணன் நல்லவர்தான். ஆனால் அவர் மாதாமாதம் வரும்போது, அந்த லாரியின் முன் சீட்டில்தான் கணக்கப்பிள்ளை அப்புத்தளைக்குப் போய்வருவார். நீண்ட பாதை, பேசிக்கொண்டே போகிற பாதை.

"ஒண்ணும் இல்லண்ணே. நாந்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். மாத்த முடியல."

சரி என்றார். கம்பை முன் சீட்டில் எறிந்துவிட்டு வண்டியை எடுத்தார். வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன். அதற்கென்ன வெட்கம்?

பொழுது சாய்வதற்குள் மாத்துக்கால் வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் தோட்டத்தில் இருந்தவரை அந்தப் பெயர் என்னை விடவில்லை.

அடுத்த ஞாயிறு களத்துக்குப் போகவே கூச்சமாக இருந்தது. பூண் போட்ட கம்பு இல்லாதவனிடம் யார் வருவார்கள்? கம்புகளைத் திரும்ப எடுத்து வரலாம் என்றுதான் போனேன். களத்தை யாரோ பெருக்கி வைத்திருந்தார்கள். வீராசாமி மாமா தனியாக நின்றார். புருவத்துக் காயம் தழும்பாகியிருந்தது.

என்னைக் கண்டதும் குனிந்தார். தடுக்கலாம் என்று நான் ஓடுவதற்குள் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்து, முழுச் சலாமும் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னைக்கு எந்தக் காலு முன்னால, வாத்தியாரே?"

அதுவரை அவர் என்னை மாப்புள என்றுதான் கூப்பிட்டிருந்தார். தரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்து, வலது கால் மாமா என்றேன்.